படத்தின் முதுகு

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது அந்துருண்டை வாசம். சிவகங்கை மாவட்டத்தில், செட்டிநாட்டு ஊர் ஒன்றில், விலை பேசி முடிந்துவிட்ட ஒரு வீடு. பழந்தாள்கள் சேர்க்கும் நூலகம் ஒன்றுக்காக நண்பர் போனார். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர். எங்களுக்கு வேலை வைக்கக் கூடாதென்று இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் தரம் பிரித்து வைத்திருந்தார். போட்டோக்கள் ஒரு ஜவுளிக்கடைப் பையில். கடிதங்கள் இன்னொரு பையில். உறைகளையும் கிழிந்த பேரேடுகளையும் “குப்பை சார்” என்று பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டிருந்தார். சுவரில் மாட்டியிருந்த படங்களில் செல்லரித்திருந்தவற்றை ஃபிரேமிலிருந்து கழற்றி, அட்டையை உரித்தெடுத்து, முகம் தெரிகிற தாளை மட்டும் பத்திரப்படுத்தியிருந்தார்.

நண்பர் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. பழகிப்போன மனிதர். முதல் கடிதத்தை எடுத்தார். ரங்கூனிலிருந்து எழுதியது. தலையில் பிள்ளையார் சுழி, அதன் கீழே “பிரமோதூத ௵ ஐப்பசி ௴”. அவ்வளவுதான் தேதி. பிரமோதூத வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும். 1930இல் வந்தது, அதற்கு முன் 1870இல். தபால் முத்திரை இருந்திருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். முத்திரை உறையில் இருந்தது, உறை போய்விட்டது. தப்பிக் கிடந்த நாலைந்து உறைகளிலும் வலது மூலை கத்தரிக்கப்பட்டிருந்தது. என்றைக்கோ அந்த வீட்டுப் பையன் ஒருவன் தபால்தலை சேர்த்திருக்கிறான்.

கோடு போட்ட தாளையும் மையையும் பார்த்து 1930தான் என்று நண்பர் முடிவு கட்டினார். சரியாகத்தான் இருக்கும். ஆனால் அது ஊகம். இந்த ஊகத்துக்குப் பின்னால் பெரிய விஷயம் ஒன்று நிற்கிறது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930 வாக்கில், அங்கே வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள் கையில் இருந்தது விளைநிலத்தில் 6 சதவீதம்; 1938இல் அது 25 சதவீதம். இடையில் நடந்தது நெல் விலை வீழ்ச்சி. கடன் வாங்கிய பர்மிய விவசாயி திருப்பிக் கட்ட முடியாமல் ஈட்டு நிலத்தை விட, வட்டிக்குக் கொடுத்தவர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்களாக ஆனார்கள். அவர்கள் விரும்பிக் கேட்டதும் அல்ல அது. அவர்களுடைய முதல் ரொக்கமாக இருந்தால்தான் தொழில் ஓடும். இந்தத் திருப்பம் தொடங்கிய மாதங்களில் வட்டிக்கடையின் பெட்டியடி ஆள் ஒருவர் ஊருக்கு எழுதிய கடிதம் என்றால் அதற்கு ஒரு மதிப்பு. தேதி உறுதிப்படாத கடிதம் என்றால் வேறு மதிப்பு. உடன் இருந்த பேரேட்டில், கடிதத்தில் குறித்த தொகை வரவாகியிருக்கும். அதைப் பார்த்தாலும் வருஷம் தெரிந்திருக்கும். பேரேடு எந்தக் கடையில் பொட்டலமாக மடிந்ததோ!

வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் செய்ததைத்தான் நம் பத்திரிகைகளும் பதிப்பாளர்களும் செய்துவந்திருக்கிறார்கள். முகத்தை எடுத்துக்கொண்டு முதுகை உரிப்பது. ஆவணக்காப்பகத்துக்கு ஒரு குடும்பத்தின் தாள்கள் வருகின்றன என்றால், தனித்தனித் தாள்களோடு அவை கிடந்த கிடப்பும் சேர்ந்து வரவேண்டும். எது எதோடு கட்டப்பட்டிருந்தது, எந்தக் கடிதம் எந்தக் கணக்கு நோட்டுக்குள் செருகியிருந்தது, எதைத் தனியாகத் துணியில் சுற்றி வைத்தார்கள் என்பதெல்லாம் யாரும் எழுதி வைக்காத செய்தி. ஒருமுறை கலைத்தால் எந்த நிபுணர் வந்தாலும் திரும்பக் கட்டமுடியாது. காப்பகக்காரர்கள் “வந்த வரிசையைக் கலைக்காதே” என்று தலைப்பாடாகச் சொல்வதன் காரணம் இதுதான்.

அரசு ஆவணங்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. சென்னை எழும்பூரில் 1909இல் எழுந்த கட்டடத்தில் இருக்கிற தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துக்குத் தாள்கள் ஒரு முறைமைப்படி போய்ச் சேர்ந்தன. துறை, ஆண்டு, அரசாணை எண் என்று வரிசை அவற்றின் உடம்பிலேயே இருந்தது. ஆனால் அந்தக் கட்டுகளில் ஒரு குடும்பத்தைத் தேடினால் என்ன கிடைக்கும்? மனு போட்டவராக, கிஸ்தி பாக்கி வைத்தவராக, வழக்கில் பிரதிவாதியாக ஒரு பெயர் கிடைக்கும். சர்க்காரைத் தொட்ட இடங்களில் மட்டும் அந்த மனிதர் தெரிவார். மீதி நாட்களில் என்ன தின்றார், யாரோடு பேச்சை விட்டார், எந்தக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதினார் என்பது பரணில் கிடக்கும் பெட்டியில்தான். அந்தப் பெட்டியைக் காப்பகத்துக்குக் கொண்டுவர எந்த விதியும் இல்லை. ஒரு சாவு, ஒரு பாகப்பிரிவினை, ஒரு வீட்டு விற்பனை, இவைதான் அதைக் கீழே இறக்குகின்றன. அது இறங்குகிற அந்த ஒரு வாரத்தில் சரியான ஆள் வாசலில் நிற்க வேண்டும்.

நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழில் பெரிய எடுத்துக்காட்டு புதுச்சேரியில் இருக்கிறது. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து தமது இறுதி ஆண்டான 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதுகிற எவரும் அதைத் தொடாமல் போக முடியாது. அந்த ஏடுகள் அவர் வீட்டிலேயே கேட்பாரற்றுக் கிடந்தன. 1846இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டபோது எழுதியவர் செத்து 85 ஆண்டு. பிறகு பிரதிகள் எடுக்கப்பட்டன. ஒன்று பாரிசு தேசிய நூலகத்துக்குப் போனது. சென்னை அரசாங்கமும் ஒரு பிரதி எடுப்பித்து, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. அந்த 85 ஆண்டில் ஏடுகளுக்கு நடுவே என்னென்ன துண்டுச் சீட்டுகள், ரசீதுகள், பிள்ளைக்கு வந்த கடிதங்கள் இருந்து அழிந்தனவோ, யாருக்கும் தெரியாது. இடையிடையே விட்டுப்போன நாட்களை அவர் எழுதாமல் விட்டாரா, எழுதியது தொலைந்ததா என்று இன்றும் குழம்ப வேண்டியிருக்கிறது. பிரதி எடுத்தவர்களுக்கு வேண்டியிருந்தது வாசகம். அது வந்துசேர்ந்தது, கூட இருந்த மற்றதெல்லாம் போயிற்று.

நாட்குறிப்பாவது எழுதியவர் வீட்டிலேயே இருக்கும். கடிதம் அப்படி அல்ல. ஒருவருடைய பெட்டியில் இருப்பது பெரும்பாலும் மற்றவர்கள் எழுதியது. அவர் எழுதியவை ஊர் ஊராக மற்றவர்கள் பெட்டிகளில். எளிய உண்மைதான், ஆனால் காப்பக வேலையின் பாதித் தலைவலி இதில் இருக்கிறது. பழந்தமிழ்ச் சுவடிகளைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைக் கட்டிக் கட்டி வைத்தவர். அவர் பெயரில் 1943இல் ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவிய நூலகம் சென்னை பெசன்ட் நகரில் இருக்கிறது. அங்கே அந்தக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் பிழைத்தன. அவற்றிலிருந்து 1877 முதல் 1900 வரையிலானவற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து, ‘உ.வே.சா. கடிதக் கருவூலம்’ முதல் தொகுதியாக வந்தது. சி.வை. தாமோதரம் பிள்ளையும் பிரான்சின் ஜூலியன் வின்சோனும் அதில் பேசுகிறார்கள். சுவடி கேட்டவர், சந்தா கட்டியவர், பாடம் சரியில்லை என்று சண்டைக்கு வந்தவர் எல்லோரும் இருக்கிறார்கள். ஐயர் சொன்ன பதில் மட்டும் இல்லை. தொலைபேசியில் ஒருவர் பேசுவதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல. தன்வரலாறான ‘என் சரித்திர’த்தில் அவரே தம் தரப்பைச் சொல்லியிருக்கிறார் என்றாலும், எண்பது தாண்டிய வயதில் நினைத்து எழுதுவதும் அன்றைக்கு அன்றைக்கு எழுதியதும் ஒன்றாகாது. பதில்கள் எங்கோ பரண்களில் இருக்கலாம். கிடைத்தவரைக்கும் ஒரு பக்கத்தையாவது கலையாமல் வைத்துவிட்டுப் போனதற்கு ஐயருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். பதிப்பு முடிந்ததும் கையெழுத்துப் பிரதியை அடுப்புக்குக் கொடுத்த வீடுகளும் தமிழில் உண்டு.

கலையாமல் வந்த சேகரம் என்றால் கோட்டையூர் ரோஜா முத்தையாவுடையதைச் சொல்ல வேண்டும். புத்தகங்களுக்காகத்தான் பேர் வாங்கியது அது. ஆனால் நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள், தனிக் கடிதங்கள் என்று பிறர் கழித்துக்கட்டியவற்றுக்கும் அந்த வீட்டில் இடம் இருந்தது. அவர் 1992இல் மறைந்தார். மறுவருஷம் சிகாகோ பல்கலைக்கழகம் சேகரம் முழுவதையும் வாங்கியது. கப்பல் ஏற்றிக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே 1994இல் ஆராய்ச்சி நூலகமாக வைத்தது. இரண்டு முடிவுகளுமே அரிதானவை. பொறுக்கி எடுத்தால் அரிய நூல்கள் அமெரிக்காவுக்கும் மீதி மூர் மார்க்கெட் வகையறாப் பழைய புத்தகக் கடைகளுக்கும் போயிருக்கும். ஒரு நாடக நோட்டீஸ் தனியாகக் கிடைத்தால் அது வேடிக்கைப் பொருள். ஒரே மனிதர் ஒரே கண்ணோடு சேர்த்த நூறு நோட்டீசுக்கு நடுவே கிடைத்தால் எந்தக் கம்பெனி எந்த ஊரில் எத்தனை நாள் போட்டது, டிக்கெட் என்ன விலை, பெண்களுக்குத் தனி இடம் என்று எப்போதிலிருந்து அச்சிட்டார்கள் என்று கேள்வி கேட்க முடியும்.

போட்டோவுக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

பழைய ஸ்டூடியோப் படங்களை எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் நாற்காலி, பூச்சாடி, திரையில் எழுதிய மாளிகைப் படிக்கட்டு. எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட அதே படிக்கட்டுதான். ஆட்களும் ஒரே மாதிரி விறைத்து நிற்பார்கள். அட்டையைத் திருப்பினால்தான் ஊர் தெரியும். ஸ்டூடியோவின் பெயர், தெரு, சில சமயம் முதலாளி வாங்கிய பட்டம். ஓரத்தில் பென்சிலால் ஓர் எண். அது நெகட்டிவ் எண்; பின்னால் காப்பி வேண்டும் என்றால் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஸ்டூடியோவில் ஒரு ரிஜிஸ்தர் இருக்கும். அதே எண்ணுக்கு எதிரே தேதி, பெயர், எத்தனை காப்பி, பாக்கி எவ்வளவு. ஆக, படத்தில் இருக்கிற பெயர் தெரியாத மனிதரைப் பெயரோடு சேர்க்கிற நூல் அந்தப் பென்சில் எண்தான். அட்டையை உரித்து எறிகிறபோது அறுவது அந்த நூல்.

நூலின் மறுமுனை நிலைமையும் மோசம். டிஜிட்டல் வந்து ஸ்டூடியோக்கள் மூடியபோது கண்ணாடி நெகட்டிவ்களைச் சுரண்டிக் கழுவிக் கண்ணாடியாக விற்றார்கள். ஃபிலிம் நெகட்டிவ்களை வெள்ளிக்காக உருக்கக் கொடுத்தார்கள். எஞ்சியவற்றையும் ஈரமும் பூஞ்சையும் தின்றன. அசிட்டேட் ஃபிலிம் கெடத் தொடங்கினால் புளித்த காடி வாசம் அடிக்கும். ஒரு டப்பாவில் ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும். சுவரில் மாட்டிய படங்களுக்கு வேறு ஆபத்து. செத்துப்போன பெரியவருக்கு வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாடிமேல் சந்தனப் பொட்டு வைத்து மாலை போடுகிறோம். அந்த ஈரம் ஃபிரேம் வழியாக உள்ளே இறங்கிப் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்துவிடுகிறது. அப்படி ஒட்டியதை வீட்டில் பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு அப்படியே கொடுத்துவிடுவது நல்லது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்பிரதி எடுக்கிற வேலையை, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியோடு நடத்தியது. அந்தத் திட்டத்தின் விதி ஒன்று எனக்குப் பிடித்தது. மூலம் நாட்டை விட்டுப் போகக் கூடாது. படி மட்டும் ஊர்சுற்றும். பழைய படத்தைக் கொடுக்கத் தயங்குகிற குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். அதே நிறுவனம் முன்பு கிராமத்து நியாயக் கூட்டங்களின் தீர்ப்புத் தாள்களையும் குடும்பங்களின் கையிலிருந்து இவ்விதமே படியெடுத்திருக்கிறது. ஆனால் படியெடுத்து விட்டோம் என்ற நிம்மதியில் ஒரு பொறியும் உண்டு. ஸ்கேன் செய்கிறவர் அவசரத்தில் முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுப் போனால், நாலு வருஷத்தில் மூலம் அழிந்த பிறகு உலகத்துக்கு மிஞ்சுவது முதுகில்லாத படம். மின்பிரதி எடுத்ததாலேயே மூலத்தைக் கழிக்கலாம் என்று நினைக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

முதுகு போன பிறகு மிஞ்சுவது தெரிந்தவர்களின் நினைவுதான். பாரதியின் படங்களாக நமக்குக் கிடைத்திருப்பவை ஐந்துதான். அவற்றில் யார் பக்கத்தில் யார், எந்த ஊரில், எந்தச் சமயத்தில் என்பதெல்லாம் தெரிந்திருப்பதற்குக் காரணம் ரா.அ. பத்மநாபன் போன்றவர்கள் பாரதியோடு பழகியவர்கள் உயிரோடு இருக்கும்போதே வீடு வீடாகப் போய்க் கேட்டதுதான். அவருடைய ‘சித்திர பாரதி’ 1957இல் வந்தது. பாரதி மறைந்து 36 ஆண்டு. அந்த 36 என்ற எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சாதாரணக் குடும்பப் படத்துக்கும் இப்படி ஒரு தவணை உண்டு. படம் எடுத்தபோது குழந்தையாக மடியில் இருந்தவர் கிழவராகிற வரைக்கும் பெயர்கள் உயிரோடு இருக்கும். அவர் போனால் “எங்க தாத்தா வீட்டு ஆளுக யாரோ” என்று ஆகிவிடும்.

அதிலும் பெண்களின் பெயர் முதலில் போகிறது. குழுப்படங்களின் அடியில் எழுதியிருந்தால் ஆண்களுக்குப் பெயரும் இனிஷியலும் இருக்கும். பெண்ணுக்குத் “திருமதி” போட்டுக் கணவர் பெயர் இருக்கும், அல்லது ஒன்றும் இருக்காது. வீட்டுத் தாள்களில் அவர்கள் கைப்பட்டவை கோல நோட்டு, பாட்டு நோட்டு, பலகாரக் கணக்கு என்று இருக்கும். பெட்டியை இறக்குகிற ஆண்கள் முதலில் கழிப்பது அதைத்தான். எழுத்தாளர் அம்பை மும்பையில் 1988இல் மற்ற இருவரோடு சேர்ந்து தொடங்கிய ஸ்பாரோ காப்பகம் பெண்களுடைய குரலையும் படங்களையும் தாள்களையும் தேடிச் சேர்த்தது இந்த ஓட்டையை அடைக்கத்தான். பொதுக் காப்பகங்களின் வரவுப் பதிவேட்டில் இன்றும் “இதர நோட்டுகள்” என்ற ஒரே வரிக்குள் இவை அடங்கிவிடுகின்றன.

குடும்பங்கள் கொடுக்கத் தயங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கடன் இருந்தது தெரிந்துவிடும், பெரியவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது தெரிந்துவிடும், யாரை எந்த வார்த்தையில் ஏசி எழுதினார் என்பது தெரிந்துவிடும். இதற்காகச் சில கடிதங்களைக் கொல்லையில் வைத்துக் கொளுத்திவிட்டு மீதியைக் கொண்டுவருகிறார்கள். கொளுத்துவதைவிட, இத்தனை வருஷம் யாருக்கும் காட்டக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு கட்டி முத்திரை வைத்துக் கொடுப்பது மேல்; உருப்படியான காப்பகங்கள் அதற்கு ஒப்புக்கொள்ளும். சட்டத்திலும் ஒரு முடிச்சு உண்டு. கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தம், அதில் உள்ள எழுத்து எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும் சொந்தம். எழுதியவர் ஆயுளில் அச்சேறாத கடிதம் என்றால், அது முதலில் அச்சான பின் 60 ஆண்டு வரை அந்த உரிமை நிற்கும். கொடுப்பவருக்குப் படிக்கக் கொடுக்க உரிமை உண்டு, அச்சிட அனுமதி தர உரிமை இல்லாமல் போகலாம். கொடைப் பத்திரம் எழுதும்போது இதைச் சொல்லிவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

யாழ்ப்பாணத்தவர்களிடம் பேசும்போது இந்தக் கவலைகள் ஒரு வசதியான ஊரின் கவலைகளாகத் தோன்றும். 1981இல் அங்கே பொது நூலகம் எரிக்கப்பட்டபோது போன நூல்கள் 97,000 என்பார்கள். அதன் பிறகு வந்த போர் வருஷங்களில் வீடு வீடாக அழிந்த ஆல்பங்களுக்குக் கணக்கே கிடையாது. இடம்பெயர்ந்தபோது காணி உறுதியையும் நகையையும் எடுத்தவர்கள், கைக்கு அகப்பட்ட நாலு படங்களையும் எடுத்தார்கள். அவை இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் நூல்களை மின்வடிவாக்குவதில் ஆரம்பித்து இப்படிப்பட்ட ஆவணங்களுக்கும் வந்துசேர்ந்திருக்கிறது. பெட்டியே இல்லாத இடத்தில் வந்த வரிசையைப் பற்றிப் பேச முடியாது. அங்கே ஒவ்வொரு படத்தையும் தனியாக, அது போன வழியோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

சிவகங்கை வீட்டில் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. பின்கட்டில் வீட்டுக்காரரின் அத்தை இருந்தார், எண்பத்தாறு வயது. பெட்டி இறக்கியதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஜவுளிக்கடைப் பையிலிருந்து ஒரு குழுப்படத்தை எடுத்து நண்பர் அவர் கையில் கொடுத்தார். ஒன்பது பேர், அட்டை உரிந்த படம். ஆச்சி அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு உட்கார்ந்திருந்த இருவரின் பெயரைச் சொன்னார். நின்றவர்களில் ஒருவர் சமையல் ஆள், அவர் பெயர் வாயில் வரவில்லை. மற்றவர்கள் தெரியவில்லை.

“ஓரத்துல நிக்கிறவுக யாரு ஆச்சி?” என்று கேட்டேன். பதினைந்து வயதிருக்கும் பெண், பாதி முகம் அசைந்து மங்கியிருந்தது.

“அது யாருன்னு தெரியலை தம்பி. ஆனா அந்தச் சேலை அரக்குக் கலரு. ரங்கூன்லேருந்து வந்தது. எனக்கும் அதே மாதிரி ஒண்ணு கேட்டேன், எங்க அப்பச்சி வாங்கித் தரலை.”

நண்பர் பதிவேட்டில் அந்தப் படத்துக்கு எதிரே இரண்டு பெயர்களை எழுதினார். குறிப்புக்கான கட்டத்தில் இடம் போதவில்லை. பக்கத்தைத் திருப்பி, பின்புறத்தில், அன்றைய தேதி போட்டு, சொன்னவர் பெயரோடு சேலையின் நிறத்தையும் எழுதி வைத்தார்.